நெஞ்சுவலி மாத்திரைக்கும் உண்டு காய்ச்சலும் பாய்ச்சலும்

சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையில் இருக்கும் ஆட்டையாம்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கைமுறுக்குதான் நினைவுக்கு வரும். அந்த ஊர்க்காரர்களுக்குக் குச்சிக்கிழங்குக் காடும், பாறையைக் குடைந்த கிணறும், தறிச் சத்தமும் நினைவுக்கு வரும். அப்படி ஒரு காட்டில் அறுபது வயதைத் தாண்டிய விவசாயி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கிழங்குக்குத் தண்ணீர் கட்ட மம்முட்டியோடு மடை மாற்றும்போது அவருக்கு நடுநெஞ்சில் ஒரு பாரம் வருகிறது. வரப்பில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போய்விடுகிறது. சேலத்தில் காட்டியதில் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருப்பதாகச் சொல்லி, வேறு சில மாத்திரைகளோடு நைட்ரேட் மாத்திரை ஒன்றையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் இரண்டு வாரம் நல்ல குணம். அதன்பிறகு பழையபடி மடை மாற்றும்போது நெஞ்சைப் பிடிக்கிறது. "மாத்திரை கேக்கலை. வீணா எதுக்குப் போடணும்?" என்று அவர் நிறுத்திவிடப் பார்க்கிறார். வீட்டம்மாவோ, "அதெல்லாம் நிறுத்தாதீங்க. வேணும்னா ராத்திரி இன்னொண்ணு சேர்த்துப் போடுங்க" என்கிறார்.

இருவர் சொல்வதும் ஆபத்தானது. மாத்திரையில் குறையில்லை. அதைப் போட்ட நேரத்தில்தான் குறை. மருத்துவர் காலையிலும் பிற்பகலிலும் போடச் சொன்ன மாத்திரையை, எல்லா மாத்திரையையும் போல இவர் காலையும் இரவும் போட்டு வந்திருக்கிறார். இந்த ஒரு மாற்றம் எப்படி மருந்தைச் செல்லாக்காசாக்குகிறது என்பது தெரிந்தால் நைட்ரேட் மாத்திரையைப் பாதுகாப்பாகப் போடுவதில் பாதி புரிந்துவிடும்.

வலி எதனால் வருகிறது?

இதயமும் ஒரு தசைதான். அது வேலை செய்ய அதற்கே தனியாக ரத்தம் வேண்டும். அதைக் கொண்டு வரும் குழாய்களின் உள்சுவரில் கொழுப்புப் படிந்து வழி சுருங்கினால், சும்மா இருக்கும்போது போதுமான ரத்தம், பாடுபடும்போது போதாமல் போகும். பைப்பில் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டால் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரும், கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேராது. அது மாதிரிதான் இதுவும்.

இந்த வலி பெரும்பாலும் ஊசி குத்துவது போல இருக்காது. நடுநெஞ்சில் கல்லை வைத்தது போல, கயிற்றால் இறுக்கியது போல இருக்கும். இடது கை, தோள், கழுத்து, தாடை, முதுகு என்று பரவும். மூட்டை தூக்கும்போதும், மேட்டில் ஏறும்போதும், வயிறு முட்டச் சாப்பிட்டு நடக்கும்போதும், கோபப்படும்போதும் வரும். ஓய்வெடுத்தால் சில நிமிடங்களில் தணியும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், பெண்களுக்கும், வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சிரைப்பு, வியர்வை, அசதி, வாயுத் தொல்லை போன்ற உணர்வு மட்டும் வரலாம். அதனால் பெண்கள் இதை வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு நாளைக் கடத்திவிடக் கூடாது.

மாத்திரை என்ன செய்கிறது?

நைட்ரேட் மாத்திரை உடம்பில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவாக வேலை செய்கிறது. அது ரத்தக்குழாய்களின் தசையைத் தளர்த்துகிறது. முக்கியமாக, இதயத்துக்கு ரத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் சிரைகள் அகலமாகின்றன. இதனால் இதயத்துக்குள் ஒரே நேரத்தில் வந்து நிறையும் ரத்தம் குறைகிறது. லோடு குறைந்த மோட்டார் போல இதயம் சிரமமில்லாமல் ஓடுகிறது. இதயத்துக்குப் போகும் குழாய்களும் ஓரளவு விரிகின்றன.

இந்த மாத்திரை அடைப்பைக் கரைப்பதில்லை. வலி வராமல் தடுக்கும், அவ்வளவுதான். ரத்தம் உறையாமல் பார்க்கும் ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரை ஆகியவற்றின் வேலை வேறு. "நெஞ்சுவலி நின்னுபோச்சு" என்று அவற்றை நிறுத்தினால், வலியில்லாமலே மாரடைப்புக்குக் கதவைத் திறந்துவிட்டது போலாகும்.

வெடி ஆலை கற்றுக்கொடுத்த பாடம்

நைட்ரேட் மருந்துகளில் மூத்தது நைட்ரோகிளிசரின். அந்தக் காலத்து ஜெலட்டின் குச்சியில் கிணற்றுப் பாறையைப் பிளந்ததும் அதே பொருள்தான். 1847-இல் இத்தாலியின் தூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ அதை முதலில் தயாரித்தார். நாக்கில் துளி வைத்துப் பார்த்தபோது கடுமையான தலைவலி வந்ததையும் அவர் குறித்தார். 1879-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் மரெல் மிகக் குறைந்த அளவில் அதைக் கொடுத்து நெஞ்சுவலியைத் தணிக்கலாம் என்று எழுதினார். நைட்ரோகிளிசரினைக் கொண்டு டைனமைட் செய்து செல்வம் குவித்த ஆல்ஃபிரட் நோபலுக்கே, 1896-இல் அவர் இறப்பதற்கு முன் இதய நோய்க்காக மருத்துவர்கள் அதைப் பரிந்துரைத்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அடிப்படையான நைட்ரிக் ஆக்சைடு கண்டுபிடிப்புக்காக 1998-இல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசே கிடைத்தது.

விவசாயிகளுக்கு இதில் பயன்படும் சேதி வெடி ஆலைத் தொழிலாளர்களுடையது. ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்தால் அவர்களுக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கும். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் மருந்து உள்ளே போனதே காரணம். இரண்டு மூன்று நாள் போனால் தலைவலி தானே நின்றுவிடும். உடம்பு பழகிவிட்டது என்று அர்த்தம். விடுமுறை முடிந்து வந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். சிலர் விடுமுறையிலும் அந்தப் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கத் தொப்பியின் உள்பட்டையில் கொஞ்சம் மருந்தைத் தடவிக்கொள்வார்களாம். இன்னும் சிலருக்கு இதயத்தில் ஒரு கோளாறும் இல்லாமலே விடுமுறை நாளில் நெஞ்சுவலி வந்தது, திடீர் மரணங்களும் நேர்ந்தன.

இதில் இரண்டு உண்மைகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, நைட்ரேட் இடைவிடாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும், மருந்து வேலை செய்யாது. இரண்டு, பழகிய உடம்பிலிருந்து அதைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தக்குழாய் இறுகி நெஞ்சுவலி வரும்.

காய்ச்சலும் பாய்ச்சலும்

நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் நிறுத்தி வைத்தால் வேர் மூச்சு விடாது என்பதால்தான் திருந்திய நெல் சாகுபடியில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுகிறோம். மண் லேசாக வெடிக்கும்வரை விட்டுப் பிறகு பாய்ச்சினால் பயிர் தண்ணீரை நன்றாக எடுத்துக்கொள்ளும். நைட்ரேட் மாத்திரைக்கும் இதே கணக்குதான். 24 மணி நேரத்தில் பொதுவாக 10 முதல் 14 மணி நேரம் உடம்பில் இந்த மருந்து குறைந்து காய வேண்டும். அப்போதுதான் மறுநாள் காலை போடும் மாத்திரை வேலை செய்யும்.

பகலில் பாடுபடும்போது வலி வருபவர்கள்தான் அதிகம் என்பதால் அந்தக் காய்ச்சல் நேரத்தை மருத்துவர்கள் இரவில் வைக்கிறார்கள். ஆகவே இரவில் மாத்திரை இல்லாததை மறதி என்றோ மிச்சம் பிடித்தது என்றோ எண்ண வேண்டாம். அந்த இடைவெளியும் மருந்தின் ஒரு பகுதி. அதை நிரப்பினால் மாத்திரையும் வீண், நோயாளிக்கும் பாதுகாப்பில்லை.

சீட்டில் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்

நம் ஊரில் மருந்துச் சீட்டில் 1-0-1 என்று இருந்தால் காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று என்பது எல்லோருக்கும் மனப்பாடம். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு நைட்ரேட்டும் ஒரே மஞ்சள் பையில் கிடந்தால் அதையும் அந்தக் கணக்கிலேயே போட்டுவிடுகிறார்கள். காலை 8 மணிக்கும் இரவு 9 மணிக்கும் போட்டால் இடையில் காய்ச்சல் நேரமே கிடைக்காது.

நைட்ரேட்டில் சில வகைகள் உண்டு. வகைக்கு ஏற்ப நேரமும் மாறும்.

ஐசோசார்பைடு மோனோநைட்ரேட், சாதா மாத்திரை: பெரும்பாலும் நாளுக்கு இரண்டு. காலை எழுந்ததும் ஒன்று, சுமார் 7 மணி நேரம் கழித்து அடுத்தது. காலை 8 மணிக்குப் போட்டால் பிற்பகல் 3 மணிக்கு இரண்டாவது.

ஐசோசார்பைடு மோனோநைட்ரேட், மெதுவாகக் கரையும் மாத்திரை: பெரும்பாலும் நாளுக்கு ஒன்று, காலையில். இதை நசுக்கவோ மெல்லவோ கூடாது. நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக வர வேண்டிய மருந்து ஒரே மூச்சில் வந்து ரத்த அழுத்தம் சரிந்துவிடும். சொட்டுநீர்க் குழாயை வெட்டிவிட்டால் நடப்பதுதான் இதிலும் நடக்கும். பாதியாக உடைக்கலாமா என்பதையும் மருத்துவரோ மருந்தாளுநரோ சொன்னால் மட்டுமே செய்ய வேண்டும்.

ஐசோசார்பைடு டைநைட்ரேட்: ஊரில் 'சார்பிட்ரேட்' என்ற பெயரில் தெரிந்தது இதுதான். தடுப்புக்காக விழுங்கவும் எழுதுவார்கள், வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கவும் எழுதுவார்கள். உங்களுக்கு எதற்காக எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்வது அவசியம்.

இந்த நேரங்களைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாற்றிக்கொள்ளக் கூடாது. சீட்டை எடுத்துக்கொண்டு மருந்து கொடுக்கும் ஜன்னலில் கேட்டால் போதும்.

"ஏம்மா, இந்த மாத்திரை ரெண்டாவது ராத்திரிதானுங்களே?"

"இல்லைங்கம்மா, இது மத்தியானம் மூணு மணிக்கு. ராத்திரிக்கு இது கிடையாது. சீட்டுலயே எழுதித் தர்றேன், ஐயாகிட்ட காட்டுங்க."

இந்த இரண்டு வரிப் பேச்சு ஒரு வீட்டின் கவலையைத் தீர்க்கும். எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் ஒரு வேலை செய்து கொடுக்கலாம். நைட்ரேட் மாத்திரைக்கு மட்டும் தனி டப்பா வைத்து, அதன் மேல் சூரியன் படம் வரையுங்கள். சூரியன் இருக்கும்போது மட்டும் திறக்கும் டப்பா என்று சொல்லிவைத்தால் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் மறக்காது.

இரவில் தண்ணீர் கட்டுபவர்கள், தறி ஓட்டுபவர்கள்

பகலில் வேலை, இரவில் தூக்கம் என்று நினைத்துத்தான் மருத்துவர் நேரம் எழுதுகிறார். மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில் நள்ளிரவில் எழுந்து கிணற்று மேட்டுக்குப் போகிற விவசாயியும், இரவு ஷிப்டில் தறி ஓட்டுபவரும் அவர் கணக்கில் இல்லை. மருந்து காயும் நேரத்தில்தான் இவர்கள் பாடுபடுகிறார்கள். ஆகவே, "ராத்திரிதானுங்க எனக்கு வேலை" என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நேரத்தை அவர் மாற்றித் தரலாம், அல்லது வேறு மருந்து சேர்க்கலாம். இரவில் படுத்திருக்கும்போதே வலி வந்து எழுப்பினால் அதைக் கட்டாயம் உடனே சொல்ல வேண்டும்.

விடியற்காலையும் கவனிக்க வேண்டிய நேரம். இரவெல்லாம் மருந்து காய்ந்திருக்கும். ஐந்து மணிக்கு எழுந்து மாத்திரை போடாமல் மாட்டுக்குத் தட்டு அறுக்கப் போனால் வலி வரலாம். காலை மாத்திரை எழுதியிருந்தால் எழுந்ததும் போட்டுவிட்டு, அரை மணி, முக்கால் மணி நேரம் இலகுவான வேலையைப் பார்த்த பிறகு கனமான வேலைக்குப் போவது நல்லது.

தலைவலியும் தலைசுற்றலும்

ரத்தக்குழாய் விரிவதால் மாத்திரை தொடங்கிய நாட்களில் தலைவலி வருவது சகஜம். முகம் சிவந்து சூடாகும், நெஞ்சு படபடக்கும். பலருக்கு ஓரிரு வாரத்தில் குறைந்துவிடும். தாங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைத்துத் தொடங்குவார், அல்லது பாராசிட்டமால் எழுதுவார். தலைவலிக்குப் பயந்து தாமே மாத்திரையை நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. இன்னொரு தவறு, பெட்டிக்கடையிலும் மருந்துக்கடையிலும் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை வாங்கிப் போடுவது. இதய நோயாளிகளுக்கு அவை கெடுதல் செய்யக்கூடியவை.

தலைசுற்றல் இன்னும் கவனிக்க வேண்டியது. இந்த மாத்திரை ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். குனிந்து களை எடுத்தவர் சட்டென்று நிமிர்ந்தாலும், கட்டிலிலிருந்து வேகமாக எழுந்தாலும் கண் இருட்டும். பிரஷர் மாத்திரையும் போடுபவர்களுக்கு இது அதிகம். சித்திரை வெயிலில் வியர்வையாகத் தண்ணீர் வெளியேறிய உடம்பில் இன்னும் அதிகம். இதற்குச் சில வழிகள்:

* எழும்போது முதலில் உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து நிற்கவும்.
* மாத்திரை தொடங்கிய அல்லது அளவு கூட்டிய நாட்களில் தென்னை ஏறுவது, கிணற்றுப் படியில் இறங்குவது, டிராக்டர் ஓட்டுவது வேண்டாம்.
* முதுகில் மருந்து டேங்கைச் சுமந்து தெளிக்கும் வேலையை வேறு ஒருவரிடம் விடவும்.
* தண்ணீர் போதிய அளவு குடிக்கவும். இதயம் பலவீனமாகித் தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவை மீற வேண்டாம்.
* சாராயம், பிராந்தி எதுவும் கூடாது. மதுவும் ரத்த அழுத்தத்தை இறக்கும். இரண்டும் சேர்ந்தால் ஆள் மயங்கி விழுவார். கிணற்று ஓரமானால் உயிரே போகும்.
* தலை சுற்றினால் உடனே நிழலில் படுத்து, காலைச் சற்று உயரமாக வைக்கவும்.

இதனுடன் சேரவே கூடாத மாத்திரை

இதைப் பேச வெட்கப்படுவதால்தான் விபரீதம் நடக்கிறது. ஆண்மைக் குறைவுக்குக் கொடுக்கப்படும் சில்டெனாஃபில் (வயாகரா), வார்டெனாஃபில், டடாலாஃபில் ஆகிய மாத்திரைகளை நைட்ரேட்டுடன் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. இரண்டும் ரத்தக்குழாயை விரிப்பவை. சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகும். சில்டெனாஃபில், வார்டெனாஃபில் போட்டால் 24 மணி நேரமும், டடாலாஃபில் போட்டால் 48 மணி நேரமும் நைட்ரேட் எடுக்கக் கூடாது. தினமும் நைட்ரேட் எடுப்பவர் இவற்றைத் தொடவே கூடாது. 'மூலிகை லேகியம்', 'இயற்கைச் சூரணம்' என்று விற்கப்படும் வீரிய மருந்துகள் சிலவற்றிலும் சில்டெனாஃபில் ரகசியமாகக் கலந்திருந்ததைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கண்டுபிடித்திருக்கின்றன.

மருத்துவரிடம் இந்தக் குறையைத் தனியாகச் சொன்னால் அவர் வேறு வழி பார்ப்பார். நெஞ்சுவலியோடு மருத்துவமனைக்குப் போகும்போது இப்படி ஏதாவது போட்டிருந்தால் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிட வேண்டும். அங்கே வெட்கத்துக்கு இடமில்லை.

வேறு சிலவற்றையும் முன்கூட்டியே சொல்லுங்கள்: ரத்த அழுத்தம் இயல்பாகவே குறைவு, கடுமையான ரத்தசோகை, கண்ணில் நீர் அழுத்த நோய், இதய வால்வு சுருக்கம், சமீபத்தில் தலையில் அடி.

வலி வந்தால் 5 நிமிடக் கணக்கு

தினமும் விழுங்கும் தடுப்பு மாத்திரை, வந்துவிட்ட வலியை உடனே நிறுத்தாது. அதற்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை வேறு. அதை எழுதிக் கொடுத்திருந்தால் செய்ய வேண்டியது:

1. வேலையை அப்படியே விட்டு உட்காருங்கள். நின்றுகொண்டு மாத்திரை வைத்தால் மயங்கி விழ வாய்ப்புண்டு.
2. மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடுங்கள். விழுங்கக் கூடாது.
3. 5 நிமிடத்தில் வலி குறையவில்லை அல்லது கூடுகிறது என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை 5 நிமிட இடைவெளியில் மறுபடி வைப்பது மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டுமே. மொத்தம் மூன்றைத் தாண்டக் கூடாது.
4. தலை சுற்றினாலோ, ஆள் வெளிறிப்போனாலோ அடுத்த மாத்திரை வேண்டாம். படுக்க வையுங்கள்.
5. நோயாளி தானே பைக் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

ஓய்வில் இருக்கும்போதே வரும் வலி, முன்பைவிட அடிக்கடி வரும் வலி, குறைந்த வேலைக்கே வரும் வலி, குளிர்ந்த வியர்வையோடு வரும் வலி ஆகியவை மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். காலை வரை பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்பு அறிகுறியோடு வருபவர்களுக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ஆட்டையாம்பட்டி பக்கத்தவர்களுக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் 108 என்ற எண்ணும், காட்டுக்கு வரும் வழியை அடையாளம் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே வைப்பது?

மோட்டார் ரூம் அலமாரி, டிராக்டர் டாஷ்போர்டு, வெயிலில் நிற்கும் பைக்கின் பெட்டி, இவை மூன்றும் மாத்திரைக்கு ஆகாத இடங்கள். சூடும் ஈரமும் அதைக் கெடுக்கும். நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை கண்ணாடிப் புட்டியில் வந்தால் அதே புட்டியில் மூடியை இறுக்கி வைக்க வேண்டும். காகிதத்தில் மடித்து மடியில் செருகினால் வீரியம் போய்விடும். அட்டையில் வருவதை அட்டையோடே எடுத்துப் போங்கள், உதிர்க்க வேண்டாம். பூச்சிமருந்து வாங்கும்போது பார்ப்பது போலவே காலாவதித் தேதியைப் பாருங்கள். வீட்டில் ஒன்று, காட்டுக்குப் போகும் பையில் ஒன்று என்று இரண்டு இடத்தில் இருப்பது நல்லது. பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது.

வழக்கமாக எழும் சந்தேகங்கள்

மூன்று மணி மாத்திரையை மறந்து, இரவு ஒன்பது மணிக்கு நினைவு வந்தால்?

விட்டுவிடுங்கள். இரவில் போட்டால் காய்ச்சல் நேரம் கெடும். மறுநாள் காலை வழக்கம்போல் ஒன்று மட்டும். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. கொஞ்ச நேரமே தாமதமாகியிருந்தால் போட்டுக்கொள்ளலாம். எதுவரை போடலாம் என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம், கோயில் விசேஷம் என்று வெளியூர் போனால் நான்கைந்து நாள் விடலாமா?

கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலி திரும்ப வரும், முன்பைவிடக் கடுமையாகவும் வரலாம். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். நிறுத்த வேண்டுமானால் மருத்துவர்தான் படிப்படியாகக் குறைப்பார்.

பக்கத்துக் காட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. என் மாத்திரையைக் கொடுக்கலாமா?

வேண்டாம். அவருடைய ரத்த அழுத்தம் ஏற்கெனவே இறங்கியிருந்தால் அது அவரைச் சாய்த்துவிடும். சில்டெனாஃபில் போட்டிருக்கிறாரா என்பதும் தெரியாது. 108-ஐ அழைத்து, அவரை உட்கார வைத்துத் துணைக்கு இருப்பதே பெரிய உதவி.

உரத்தில் உள்ள நைட்ரேட்டும் இதுவும் ஒன்றா?

இல்லை. பொட்டாசியம் நைட்ரேட், கால்சியம் நைட்ரேட் ஆகியவை பயிருக்கான உப்புகள். மாத்திரையில் இருப்பது வேறு சேர்மம். உரம் எந்த வகையிலும் மனிதருக்கு மருந்தாகாது. கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருந்தால் அது குடிக்க ஏற்றதல்ல, குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. அது தனி விஷயம்.

வலியே இல்லை. இனி மூட்டை தூக்கலாமா?

வலி இல்லாதது மருந்து நன்றாக வேலை செய்வதைக் காட்டுகிறது, அடைப்பு போய்விட்டதைக் காட்டவில்லை. என்ன வேலை செய்யலாம், எவ்வளவு நடக்கலாம் என்று மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். பீடி, சிகரெட், புகையிலையை விடாமல் எந்த மாத்திரையும் முழுப்பலன் தராது.

கடைசியாக அந்தக் குச்சிக்கிழங்குக் காட்டுக்குத் திரும்புவோம். அங்கிருக்கும் பெரியவர் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். எல்லா மாத்திரை அட்டைகளையும் சீட்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, எந்த மாத்திரையை எந்த மணிக்குப் போடுகிறார், வலி எந்த மணிக்கு எந்த வேலையில் வருகிறது என்ற நான்கு விவரத்தோடு மருத்துவரைப் பார்த்தால் போதும். நேரத்தைச் சரிசெய்வதா, மருந்தை மாற்றுவதா, மேற்கொண்டு பரிசோதனை செய்வதா என்று அவர் முடிவு செய்வார். மடைக்கு நேரம் பார்த்துத் தண்ணீர் திருப்பத் தெரிந்தவருக்கு மாத்திரைக்கு நேரம் பார்ப்பது கடினமான வேலையில்லை.